பீட்டா சோதிக்கிறவன் இளிச்சவாயனா?

"உனக்கு வேற வேலையே இல்லையா?" பீட்டா மென்பொருளை இறக்கிச் சோதிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் காலேஜில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் கேள்வி இது. மீதிக் கால்வாசிப் பேர் தோளில் தட்டி "நல்ல சேவைடா மச்சான்" என்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கோஷ்டி மேல்தான் கோபம் அதிகம். சேவை என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் கூலி என்ன, செலவு என்ன, அதை யார் கட்ட வேண்டும் என்ற பேச்சே எழாது பாருங்கள். பி.காம். படிக்கிறவனிடம் வந்து கணக்கே வேண்டாம் என்றால் எப்படி? பார்த்துவிடுவோம்.

பீட்டா என்றால் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. மென்பொருள் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, ஆனால் எங்கே எப்படி உடையும் என்று எழுதியவர்களுக்கே தெரியாது. அதனால் வெளியே விட்டு, ஊரார் கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது. அவ்வளவுதான். இதில் புதிய வசதி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது சின்னப் பகுதி. பெரும்பகுதி என்னவென்றால், போன வருஷம் ஒழுங்காக ஓடிய அதே வசதி, இந்த வருஷம் வந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பது. என் வாதமே இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

நல்ல உதாரணம் இங்க்ஸ்கேப். கோடு, வளைவு, எழுத்து எல்லாம் வைத்து லோகோ, லேபிள், போஸ்டர் வரைகிற இலவச மென்பொருள். சோடிபோடி என்ற பழைய மென்பொருளிலிருந்து 2003-ல் பிரிந்து வந்தது. நன்கொடையில், ஆர்வலர்கள் உழைப்பில் ஓடுகிற திட்டம். கிட்டத்தட்டப் பதினாறு வருஷமாகப் பூஜ்யம் புள்ளி ஏதோ ஒன்று என்றே பதிப்பு எண் போட்டு வந்தவர்கள், 2019 செப்டம்பரில் 1.0-க்கு பீட்டா விட்டார்கள். முழுப் பதிப்பு 2020 மே மாதம் வந்தது.

அந்த 1.0-ல் வேலை எங்கே போனது என்று பார்த்தால் தலை சுற்றும். பொத்தான், பட்டியல், சன்னல் எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கிற ஜிடிகே என்ற அடித்தளத்தின் 2-ஆம் பதிப்பிலிருந்து 3-ஆம் பதிப்புக்குக் குடிபெயர்ந்தார்கள். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரியோடு மூடுவிழா என்று அறிவித்துவிட்டதால் நீட்சிகளை எல்லாம் பைத்தான் 3-க்கு மாற்றினார்கள். மேக் கணினியில் அதுவரை எக்ஸ்குவார்ட்ஸ் என்ற இடைத்தரகரை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது, அதை ஒழித்து நேரடியாக ஓடும்படி செய்தார்கள். பீட்டா வந்த அடுத்த மாதமே, 2019 அக்டோபரில், ஆப்பிள் கேட்டலினாவை வெளியிட்டது. அதில் 32 பிட் நிரல்கள் மொத்தமாகக் காலி. அதோடு, டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ் ஃபோல்டர்களைத் தொட ஒவ்வொரு மென்பொருளும் அனுமதி கேட்க வேண்டும் என்ற புது விதியும் சேர்ந்தது. 1.0 வெளியானபோதுகூட மேக் பதிப்பை முன்னோட்டம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இந்த மாற்றங்களால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அடர்த்தியான புதிய திரைகளில் பழைய 0.92-இன் ஐகான்கள் கடுகு சைஸில் தெரியும், ஜிடிகே 3 வந்ததும் அது சரியானது. நல்லதுதான். ஆனால் "எனக்கு நேரா ஒரு கோடு வரைய வேண்டும்" என்று வருகிறவனுக்கு இதில் முக்கால்வாசி தேவையே இல்லை. வேறு யாரோ தரையை நகர்த்தினார்கள், அதனால் வீட்டை இடித்துக் கட்ட வேண்டி வந்தது.

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று சொல்லித் தருவார்கள். லாரி ஓடினால் டயர் தேயும், தறி ஓடினால் பாகம் தேயும், அதனால் வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுது. சரி, மென்பொருளில் என்ன தேய்கிறது? பத்து லட்சம் வட்டம் வரைந்தாலும் அடுத்த வட்டம் கோணலாக வரப்போவதில்லை. அது தேய்வதே இல்லை. அடியில் இருக்கும் இயங்குதளம் மாறுகிறது, அதனால் மேலே இருப்பது செத்துப்போகிறது. தேய்மானத்தை உண்டாக்குவது ஒருவர், அதைத் தன் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொள்வது இன்னொருவர். பொருளாதாரத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். சாயப்பட்டறை லாபம் முதலாளிக்கு, சாயத்தண்ணீர் நொய்யலுக்கு என்கிற மாதிரி.

பீட்டா சோதனையாளன் நொய்யல் கரையில் நின்று வாளியில் தண்ணீர் மொண்டு பார்க்கிறவன். அவனைப் பார்த்து "சேவை" என்கிறார்கள்.

"டெக்னாலஜி வளர வேண்டாமா? பாதுகாப்பு வேண்டாமா? காலம் பூரா பழசையே கட்டிக்கொண்டு அழ முடியுமா?" என்று உடனே கிளம்பி வருவார்கள். வளரட்டும் சாமி. 64 பிட் வேண்டும், அனுமதி கேட்கிற முறையும் நல்லதுதான். ஆப்பிள் 32 பிட் விஷயத்தில் முன்கூட்டியே, 2018-லேயே, திரையில் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தது என்பதும் உண்மை. ஆனால் பழசை உடைத்தே ஆக வேண்டும் என்பது இயற்கை விதி கிடையாது. எக்ஸ்பி காலத்தில் எழுதிய 32 பிட் நிரல்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இலும் ஓடுகின்றன. லினக்ஸ் கர்னலில் பயனர் நிரலை உடைக்கும் மாற்றத்தைச் சேர்க்கக் கூடாது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் வருஷக்கணக்காகச் சண்டை போட்டு வருகிறார். ஆக, மனசு வைத்தால் முடிகிற காரியம். உடைப்பது ஒரு தேர்வு, அதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையை உடைத்தவர் கட்டுவதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்.

(மைக்ரோசாஃப்டுக்கு ஜால்ரா அடிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்தினார்கள். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், ப்ராசஸர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லும் வேலை. அவர்கள் நிரலை உடைக்கவில்லை, நேராக இயந்திரத்தையே உடைக்கிறார்கள், ஹி ஹி.)

இலவச மென்பொருள்காரர்களும் இதில் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. ஜிடிகே என்பதே ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளுக்காக உருவானது. அந்த ஜிடிகே 3-ஆம் பதிப்பு 2011-ல் வந்தது. ஜிம்ப் அதற்கு மாறி 3.0 என்று முழுசாக வெளிவந்தது 2025 மார்ச்சில். பதினான்கு வருஷம்! அதற்குள் 2020-லேயே ஜிடிகே 4 வந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் வேகத்துக்கு அம்மாவே ஓட முடியவில்லை. இடையில் எத்தனை சோதனைப் பதிப்புகள், எத்தனை பேர் ராத்திரி கண்விழித்து ஓட்டிப் பார்த்தார்கள். பழைய 2.10-க்கு எழுதிய பைத்தான் ப்ளக்இன்கள் 3.0-ல் அப்படியே ஓடாது, திருத்தி எழுத வேண்டும். அந்தச் செலவு யார் கணக்கில்?

ஆனாலும் இவர்களை நான் கொஞ்சம் மன்னித்து விடுவேன், காரணம் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. பிழைப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் சொன்ன பிழை சரியானால் சரியான பதிப்பு எனக்கும் இலவசமாகவே கிடைக்கும். காசு வாங்குகிறவர்கள் கதை வேறு. லேபிள் வரைந்து கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வரைகலை மென்பொருள் வாங்கினேன், பெயர் வேண்டாம். புதிய இயங்குதளத்துக்கான பீட்டாவைச் சோதிக்க வாருங்கள் என்று அழைத்தார்கள். பிரஷ் அழுத்தம் வேலை செய்யவில்லை, கோப்பு சேமிக்கும்போது லேயர் பெயர்கள் காணாமல் போகின்றன என்று ஸ்க்ரீன்ஷாட்டோடு பதினோரு பிழைகள் எழுதி அனுப்பினேன். நன்றி வந்தது. எல்லாமே சரியும் செய்தார்கள். எதில்? அடுத்த பதிப்பில். அதற்குத் தனி விலை! நான் வாங்கிய பதிப்பில் அந்தப் பிழைகள் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. என் உழைப்பை என்னிடமே விற்கிறார்கள். காரல் மார்க்ஸ் தாத்தா இருந்திருந்தால் இதற்கென்றே ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

இதெல்லாம் சில்லறைப் புலம்பல் என்று தோன்றினால் ஃப்ரீஹேண்ட் கதையைக் கேளுங்கள். வணிகவியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய கதை. இல்லஸ்ட்ரேட்டருக்கு நேர் போட்டியாக இருந்த வரைமென்பொருள் அது. 1994-ல் அதை விற்றுவந்த ஆல்டஸ் நிறுவனத்தை அடோபி வாங்கியபோது, போட்டி செத்துவிடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குறுக்கே நின்றது, ஃப்ரீஹேண்டை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அது மேக்ரோமீடியா கைக்குப் போனது. 2005-ல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கியது. இந்த முறை யாரும் தடுக்கவில்லை. 2007-ல் இனிமேல் ஃப்ரீஹேண்டை மேம்படுத்தப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

சரி, மேம்படுத்தாவிட்டால் என்ன, இருப்பதை வைத்து ஓட்டலாமே? ஓட்டினார்கள். ஆனால் கடைசிப் பதிப்பு பவர்பிசி சில்லுக்காக எழுதப்பட்டது. ஆப்பிள் 2006-ல் இன்டெல் சில்லுக்கு மாறிவிட்டது. பழைய நிரல்களை ஓட்டிக்கொடுக்க ரோசெட்டா என்று ஒரு மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்திருந்தார்கள். 2011-ல் வந்த லயனில் ரோசெட்டாவைத் தூக்கிவிட்டார்கள். அன்றோடு புது மேக்கில் ஃப்ரீஹேண்ட் திறக்காது. இருபது வருஷமாக அதில் வரைந்தவர்களின் கோப்புகள் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டன. பயனர்கள் கூடி 2011-ல் அடோபி மேல் போட்டியை நசுக்கியதாக வழக்கே போட்டார்கள், அது பிறகு சமரசத்தில் முடிந்தது. மென்பொருள் வந்ததா? வரவில்லை. அங்கே சோதிக்க எத்தனை பேர் தயாராக இருந்திருப்பார்கள்! சோதிக்க ஒரு பீட்டாவே இல்லை. மூல நிரல் பூட்டுக்குள் இருந்தால் நம் ஆர்வத்தை வைத்துக்கொண்டு நாக்குத்தான் வழிக்கலாம்.

பின்னே நீ ஏன் இன்னும் சோதிக்கிறாய் என்பீர்கள். தமிழ்தான் காரணம். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, நிஜமாகவே வேறு ஆள் இல்லை. பிரான்ஸிலோ கனடாவிலோ உட்கார்ந்து நிரல் எழுதுகிறவருக்கு 'கொ' என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும் என்று எப்படித் தெரியும்? எழுத்துகளுக்கு இடைவெளி கூட்டினால் கொம்பு தனியாகக் கழன்று ஓடுகிறதா, 'ஸ்ரீ' ஒரே உருவாக வருகிறதா, எழுத்தை வளைகோட்டின்மேல் உட்கார வைத்தால் புள்ளி சரியான எழுத்தின் தலையில் இருக்கிறதா, பிடிஎஃப் ஆக மாற்றினால் தேடும்போது கிடைக்கிறதா? தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கு இந்தப் பிழைகள் கண்ணிலேயே படாது. நாம் சோதிக்காவிட்டால் அந்த பீட்டா பிழையோடு பிழையாக முழுப் பதிப்பாகிவிடும், அப்புறம் "இதில் தமிழ் வராது, பாமினியில் அடித்துக்கோ" என்று ஆரம்பித்துவிடுவோம்.

எழுத்து மட்டுமில்லை. இங்க்ஸ்கேப் 0.92 வந்தபோது ஒரு அங்குலத்துக்கு 90 பிக்ஸல் என்றிருந்ததை, இணையத் தரத்தோடு ஒத்துப்போக 96 என்று மாற்றினார்கள். சரியான முடிவுதான். ஆனால் பழைய கோப்பைப் பிக்ஸல் கணக்கில் அப்படியே திறந்தால் 10 செ.மீ. லேபிள் 9.375 செ.மீ. ஆகிவிடும். அதனால் பழைய கோப்பைத் திறக்கும்போது என்ன செய்யட்டும் என்று கேட்கும் பெட்டி ஒன்றை வைக்க வேண்டியதாயிற்று. திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. டை வெட்டும் அச்சகத்தில் போய்த்தான் தெரியும், அதற்குள் ஆயிரம் அட்டை குப்பைக்குப் போயிருக்கும். அதனால் சோதிப்பவர்கள் அழகான பூ வரைந்து பார்த்துவிட்டு "சூப்பர்" என்று போகாதீர்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய உங்கள் கோப்பின் நகலை (நகலை!) திறந்து, அளவு பார்த்து, சேமித்து, பழைய பதிப்பில் மறுபடி திறந்து பாருங்கள். பிழை எழுதும்போது இயங்குதளத்தின் பதிப்பு எண்ணை முழுசாகப் போடுங்கள். "வேலை செய்யலை" என்று மட்டும் எழுதினால் எந்தக் கடவுளாலும் சரிசெய்ய முடியாது.

காசு வாங்குகிற நிறுவனங்களுக்கு உழைப்பதாக இருந்தால் முதலில் ஒன்று கேளுங்கள்: நான் கண்டுபிடித்த பிழையைச் சரிசெய்த பதிப்பு எனக்குச் சும்மா கிடைக்குமா? மழுப்பினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். இயங்குதள முதலாளிகள் விஷயத்தில் நம்மால் செய்ய முடிந்தது குறைவு. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை தரையைப் பெயர்க்கிறவர்கள், அதன்மேல் நிற்கும் இலவச மென்பொருள்களை நிமிர்த்தி வைக்கும் செலவில் ஒரு பங்கைக் கட்டட்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? அவர்கள் லாபத்துக்கு அது டீச்செலவு.

அப்புறம் ஒரு விஷயம். 2020-ல் ஆப்பிள் மறுபடி சில்லு மாறியது, இப்போது இன்டெல்லிலிருந்து சொந்தச் சில்லுக்கு. நடுவில் வைத்த மொழிபெயர்ப்பாளரின் பெயர் ரோசெட்டா 2. மேக்ஓஎஸ் 27 வரைதான் அது முழுசாக இருக்கும், அதன்பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் விட்டு வைப்போம் என்று 2025-லேயே அறிவித்துவிட்டார்கள். இன்டெல் மேக்குக்காக மட்டும் எழுதி, கைவிடப்பட்ட வரைமென்பொருள் ஏதாவது உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்த டிசைனரிடமோ இருந்தால், அது திறக்கும் காலத்திலேயே எல்லாவற்றையும் எஸ்விஜி-யாகவும் பிடிஎஃப்-ஆகவும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இந்த லீவிலேயே செய்துவிடுங்கள்.