இரண்டாண்டுப் படிப்பும் ஏணிப்படியே

பெரிய பல்கலைக் கழகத்தின் வாயிலில் முதல் நாளே நுழைந்தவன்தான் மாணவன். இடையில் வந்து சேர்ந்தவன் இரண்டாந்தரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் தவறு என்பது என் துணிபு. சான்றுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைப் பாருங்கள்.

1910இல் பிரெஸ்னோ நகரில் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள் இன்று அங்கே நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பகலெல்லாம் கடையில் நின்ற இளைஞனும், பிள்ளைகளை வளர்த்துவிட்டு வந்த தாயும் அங்கே ஒரே வகுப்பில் அமரலாம். ஆனால் நெடுநாள் ஒரு குறை இருந்தது. ஈராண்டு படித்துவிட்டு மேலே சென்றால், “அந்தப் பாடம் இங்கே செல்லாது, மீண்டும் படி” என்று சொல்லப்படுவதுண்டு. காலமும் காசும் கரைந்தன.

2010இல் அம்மாநிலம் இதற்கொரு சட்டம் செய்தது. 60 யூனிட் பாடங்களை முடித்து மாறுதல் பட்டம் பெற்றவருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக் கழகத்தில் இடம் உறுதி. மேலும் 60 யூனிட்டில் இளங்கலைப் பட்டம் பெறலாம். படித்ததையே மறுபடி படிக்கச் சொல்லலாகாது. விரும்பிய வளாகமே கிடைக்கும் என்ற உறுதி இல்லை, அது குறைதான். ஆயினும் கதவு திறந்தே இருக்கிறது.

இப்படிப் பெறும் பட்டங்களுள் ஒன்று தொடர்பியல். மேடைப் பேச்சு அதில் கட்டாயப் பாடம். சொற்போர், இருவர் உரையாடல், சிறு குழுவில் கலந்து பேசுதல் ஆகியவையும் உண்டு.

“பேசுவதற்கும் ஒரு பட்டமா?” என்று நகைப்பவர் இருக்கலாம். நகைப்பவரை ஒன்று கேட்கிறேன். மேடைப் பேச்சைக் கொண்டாடும் தமிழராகிய நம்மில், வகுப்பில் எழுந்து ஓர் ஐயம் கேட்க வல்லவர் எத்தனை பேர்? ஊர்விட்டு இங்கே வந்து முதலாண்டு முழுவதும் வாய் திறவாதிருந்தவன் நான். விடை தெரியாமல் அல்ல. எழுந்து நிற்கும் துணிவில்லாமல். பேச்சு பிறவிக் கொடை என்று நம்பியதால், பழகினால் வரும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அஞ்சுகிறவனுக்கே அந்தப் பாடம் முதலில் வேண்டும். அதை அவன் வீட்டருகிலேயே, குறைந்த செலவில் கற்பதில் என்ன இழிவு?

நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடையில் நின்றவர் மீண்டும் தொடர வழி கூறுகிறது. படித்த பாடங்களின் கிரெடிட்டைச் சேர்த்துவைக்க 2021இல் ஒரு வங்கியும் வந்தது. நல்லதே. ஆனால் பணம் பையில் இருந்தும் கடைக்காரர் வாங்க மறுத்தால் பயன் என்ன? கிரெடிட் கணக்கில் இருப்பது வேறு. அதை ஏற்று வகுப்பில் ஓர் இருக்கை தருவது வேறு. அந்த இருக்கையைச் சட்டம் உறுதி செய்ய வேண்டும். அதுவே நம் கோரிக்கையாகட்டும்.

நண்பர்களே! அடுத்த ஆண்டு நம் வகுப்பில் யாரேனும் இடையில் வந்து சேர்ந்தால், “எங்கிருந்து வந்தாய்?” என்று கேட்டு எடைபோட வேண்டாம். “வா, உட்கார்” என்போம்.