பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடலாமா?



நம்ம ஊரில் பல வீட்டுப் பரணில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ, அக்காவோ, சித்தப்பாவோ வாங்கியது. பேட்டரி போயிருக்கும், திரை போயிருக்கும். "சும்மா இடத்தை அடைச்சிக்கிட்டு கிடக்குது" என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இது தப்பு என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாலும், திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அப்பா சேலத்தில் ஒரு கடையில் கேட்டபோது, "எஸ்.எஸ்.டி. போடுங்க, பழசைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றார்களாம். அப்பா மிளகு விற்ற காசில் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி வந்தார். சித்தப்பாதான், "பழசை ஏன் எடுக்கணும்? ரெண்டும் இருக்கட்டுமே" என்றார்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. ஒரு சின்னக் கை அதன் மேல் போய் வேண்டியதைத் தேடி எடுக்கிறது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேட வேண்டும். அந்தக் கை அங்கும் இங்கும் ஓடியே நேரம் போய்விடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது எதுவும் இல்லை. எல்லாம் சில்லுதான். அதனால் கேட்டவுடன் கொடுத்துவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.யிலேயே வைக்கலாமே என்று கேட்பீர்கள். இடம் வேண்டாமா? சித்தப்பா 2012-ல் வாங்கிய லேப்டாப்பில் 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினியில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வேகம் பல மடங்கு கூடியிருக்கிறது, இடம் குறைந்திருக்கிறது! வீட்டில் அம்மா என்ன செய்கிறார்? கடுகு, சீரகத்தைக் கைக்கு எட்டும் அஞ்சறைப் பெட்டியில் வைக்கிறார். மூட்டை அரிசியை உள் அறையில் வைக்கிறார். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். விண்டோஸும் தினம் திறக்கும் புரோகிராம்களும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். படம், பாட்டு, பழைய போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். பயாஸில் எஸ்.எஸ்.டி.யை முதலாவதாக வைத்தால் போதும். எங்கள் கம்ப்யூட்டர் இப்போது அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது.

பிறகு சித்தப்பா பரணில் இருந்த தன் லேப்டாப்பைக் கழற்றி, அதன் 320 ஜி.பி. டிஸ்க்கையும் அதே பெட்டியில் மாட்டினார். அளவு சின்னதுதான், ஆனால் அதுவும் சாட்டா இணைப்புதான், கம்ப்யூட்டர் கேபிளே பொருந்தியது. (ரொம்பப் பழைய கம்ப்யூட்டரில் பட்டையான கேபிளோடு இருக்கும் ஐ.டி.இ. டிஸ்க் இப்படிப் பொருந்தாது. அதற்குத் தனி கன்வெர்ட்டர் வேண்டும்.)

அதில் 2013 என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் தாத்தா குரல்! சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அந்தக் காலத்தில் நடந்தே போன கதையைச் சொல்கிறார். நடுவில் நிறுத்தி, "அந்தப் புள்ள ஏன் அழுவுது, தூக்கு" என்கிறார். அந்தப் புள்ள நான்தான். எனக்குத் தாத்தா முகமே சரியாக ஞாபகம் இல்லை. அவர் என்னைப் பற்றிப் பேசியது 12 வருடத்துக்கும் மேலாகப் பரணில் கிடந்திருக்கிறது. எடைக்குப் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

இதில் மூன்று எச்சரிக்கை சொல்ல வேண்டும்.

ஒன்று: அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் இருக்கும் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். அவசரப்பட்டுச் சரி என்று அமுக்கிவிடாதீர்கள்.

இரண்டு: பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய டிரைவாகக் காட்டும் வசதி விண்டோஸில் இருக்கிறது. எங்கள் அண்ணன் அப்படிச் செய்யலாம் என்றான். கூடாது. ஒரு டிஸ்க் போனால் மொத்தமும் போய்விடும். ஒரே வீட்டில் இருக்கட்டும், ஒரே இலையில் சாப்பிட வேண்டாம்.

மூன்றுதான் முக்கியம். போன சித்திரையில் அடித்த இடி மழையில் எங்கள் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை எரிந்துபோனது. கூடவே 500 ஜி.பி. டிஸ்க்கும் போய்விட்டது. தாத்தா குரல் இருந்த டிஸ்க் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட்தான். நம் மலையில் இடி எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முக்கியமானதை வெளியேயும் ஒரு காப்பி வைக்க வேண்டும். இப்போது தாத்தா குரல் ஒரு பென் டிரைவிலும், சித்தப்பா போனிலும் இருக்கிறது. இடி இடித்தால் நான் முதலில் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குகிறேன்.

"பழைய டிஸ்க் எப்ப வேணாலும் நின்னு போயிடுமே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே காப்பி எடுத்துவிட வேண்டும். ஆனால் அது நிற்கப் போகிறது என்பதற்காக, நிற்பதற்கு முன்பே நாமே தூக்கிப் போடுவது என்ன நியாயம்?

தோழர்களே, இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். லேப்டாப்பை எடைக்குப் போடுவதானாலும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு போடுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு சனிக்கிழமை அந்த டிஸ்க்குகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து திறந்து பார்க்க அனுமதி தாருங்கள். எத்தனை தாத்தா பாட்டிகள் உள்ளே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
வாழவந்தி