வழித்து எடுத்தால் முடிந்ததா?

தில்லியில் குளிர் வந்துவிட்டால், எங்கள் மயூர் விஹார் பக்கம் இரண்டு தமிழர்கள் சந்தித்தாலே மூக்கு விசாரிப்புதான். போன ஞாயிறு ஒரு வீட்டில், சைனஸ் ஆபரேஷன் முடிந்து பத்து நாளான நண்பர் பெருமையாகச் சொன்னார்: "சுத்தமா வழிச்சு எடுத்துட்டாங்க சார். திங்கக்கிழமையே ஆபீஸ் போயிட்டேன். டாக்டர் மறுபடி வரச் சொன்னார், அதுக்கு வேற தண்டச் செலவு எதுக்கு?" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த பேங்க் ஆசாமி. ஆனால் வீட்டில் பட்டதால் கொஞ்சம் படித்தேன்.

வழித்து எடுக்க அது என்ன அடிப்பிடித்த பாத்திரமா? உள்ளே இருப்பது சளிச்சவ்வு. அதன் மேல் சிலியா என்கிற நுண்ணிய மயிரிழைகள் விநாடிக்குப் பத்து தடவை போல அடித்து, சளியை வாசல் பக்கம் தள்ளுகின்றன. கன்னத்து சைனஸுக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தொட்டிக்குக் குழாயை உச்சியில் வைத்த மாதிரி. ஆள் வைத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். அந்த ஆட்களையே வழித்துப் போட்டுவிட்டால்?

ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். 1890-களில் கால்டுவெல், லூக் என்ற இருவர் தனித்தனியாகக் கொண்டுவந்த முறையில், மேலுதட்டுக்கு உள்பக்கம் அறுத்து, எலும்பைத் திறந்து, சவ்வைச் சுரண்டி எடுத்தார்கள். 1941-இல் ஹில்டிங் என்ற அமெரிக்க டாக்டர் முயல்களின் ஆரோக்கியமான சைனஸில் ஓட்டை போட்டுப் பார்த்தார். இயற்கை வாசலில் கை வைத்தபோது, நன்றாக இருந்த சைனஸே சீழ் பிடித்தது. பிறகு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர், சளி தனக்கென்று உள்ள பாதையிலேயே வாசலுக்குப் போகிறது, நாம் வேறிடத்தில் போட்ட ஓட்டையை அது மதிப்பதில்லை என்று காட்டினார். இப்போதைய எண்டோஸ்கோப் முறை அங்கிருந்து வந்ததுதான். 1985-இல் அமெரிக்காவில் கென்னடி அதற்கு வைத்த பெயரிலேயே 'செயல்படுகிற' என்ற அர்த்தம் இருக்கிறது. அடைப்பை நீக்கு, சவ்வைக் காப்பாற்று. வழித்து எடுப்பதற்கு நேர் எதிர்!

சரி, புண் பட்ட சவ்வு ஆற எத்தனை நாள்? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வோர்மால்டு குழுவினர் இதை செம்மறி ஆடுகளில் பார்த்தார்கள். மனிதர்களுக்கு உபயோகிக்கும் எண்டோஸ்கோப்பே ஆட்டு மூக்குக்குள்ளும் போகும். முழு ஆழத்துக்குச் சவ்வை எடுத்த இடத்தில் மேல்தோல் மூடத்தான் செய்தது. ஆனால் 12 வாரம் கழித்தும் சிலியா முழுசாகத் திரும்பவில்லை. எலும்பு தெரியும் அளவுக்குச் சவ்வு போய்விட்டால் மனிதர்களுக்கு ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகும் என்று ஜப்பானிய டாக்டர்கள் 1990-களில் எழுதினார்கள்.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். ஆபீஸில் லீவு மூன்று நாள். இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பலவற்றில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு 60 நாள் வரை. சிலியா எந்த பாலிசியைப் படித்தது? லோன் சாங்ஷன் ஆன அன்றே தொழிற்சாலை லாபம் காட்ட வேண்டும் என்று எந்த மேனேஜராவது கேட்பாரா? மூக்கிடம் மட்டும் கேட்கிறோம்.

நானும் கேட்டவன்தான். வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது மார்ச்சில். இயர் எண்டிங். இரண்டாவது விசிட்டை நான்தான் தள்ளிப்போட்டேன். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதும் இரண்டு வாரத்தில் நின்றுபோனது. மே மாதம் போனபோது உள்ளே பொருக்கு தட்டி, இரண்டு பக்கச் சவ்வும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து எடுத்தபோது அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து அத்தை போனில், "நான்தான் அப்பவே சொன்னேனே, மூக்குல கத்தி வெச்சா திரும்பத் திரும்ப வரும்டா" என்றாள். இல்லை அத்தை. கத்தி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. காலண்டரைப் பார்த்துக் கெடுத்தவன் உன் மருமகன்.

எத்தனை தடவை கழுவுவது, என்ன ஸ்பிரே என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்லட்டும். "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று நினைப்பவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம். அந்த நண்பரும் இதைப் படிப்பார். சார், அடுத்த விசிட் என்றைக்கு?