வாசகர் எண்ணை அம்பலப்படுத்தாதீர்!

மயிலம் பக்கத்து மாணவி ஒருத்தி, மகளிர் உடல்நலம் பற்றிய நூலொன்றைப் படித்துவிட்டு நூலகத்தின் இணைய நூற்பட்டியலில் நான்கு வரி கருத்து எழுதினாள். கேட்கக் கூச்சப்பட்ட பலவற்றை அதில் தெரிந்துகொண்டதாக நன்றியோடு எழுதியிருந்தாள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பத்து இலக்கக் கைப்பேசி எண் நின்றது. அது அவளுடைய எண்கூட அல்ல, அப்பாவின் எண். வீட்டுக்கே ஒரு கைப்பேசி என்பதால் உறுப்பினர் படிவத்தில் அதைத்தான் கொடுத்திருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் எழுதியவள் பெயர் என்னவென்று கேட்டு அந்த எண்ணுக்கு இரவில் அழைத்தார்கள். எடுத்தவர் அப்பா. அவள் இப்போது நூலகத்துக்கு வருவதில்லை.

அந்த நூலகத்தின் பெயரை நாம் அச்சிடவில்லை. இரக்கப்பட்டு அல்ல. இதை எழுதும்வரை மற்ற வாசகர்களின் எண்கள் அங்கே அப்படியே கிடக்கின்றன. பெயரைச் சொன்னால் வம்பர்களுக்கு நாமே வழிகாட்டியதாகும்.

நூலகத்தில் இதைக் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "கணினியில் அப்படித்தான் சார் வருது." இந்தப் பதிலை ஏற்க முடியாது. நம் ஊர் நூலகங்கள் பலவற்றில் ஓடும் கோஹா மென்பொருளில், கருத்து எழுதியவரின் முழுப்பெயரைக் காட்டுவதா, முதல் பெயரை மட்டுமா, பயனர் பெயரையா, எதுவுமே வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஊழியர் ஒப்புதல் தந்த பிறகே கருத்து வெளியே தெரியும். கைப்பேசி எண்ணையே பயனர் பெயராகப் பதிந்தது ஒரு மனிதர். பயனர் பெயர் தெரியட்டும் என்று அமைத்தது ஒரு மனிதர். எண்ணைக் கண்ணால் பார்த்தும் ஒப்புதல் அழுத்தியவரும் மனிதரே.

கணினி வருவதற்கு முன், வாசகரின் அந்தரங்கம் காக்கும் ஒழுங்கு நூலகங்களில் இருந்தது. நூலை எடுக்கும்போது புத்தக அட்டையை உறுப்பினர் அட்டைக்குள் செருகி ஒரு தட்டில் வைப்பார்கள். திருப்பித் தந்ததும் இரண்டையும் பிரித்துவிடுவார்கள். யார் எதைப் படித்தார் என்பதற்கு அந்தத் தட்டில் தடமே மிஞ்சாது. நூலக அறிவியலுக்கு உலகமே பாடம் கேட்ட சீர்காழி அரங்கநாதனின் மண்ணில், படித்த நூலையும் வீட்டு எண்ணையும் ஒரே திரையில் ஒட்டிவைப்பது வெட்கக்கேடு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்துவிட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறதே என்று சிலர் நமக்கே சட்டம் சொல்கிறார்கள். ஒரு பெண்பிள்ளையின் வீட்டு எண்ணை அழிக்க எதற்கு 18 மாதம்?

இன்றே எல்லாக் கருத்துகளையும் மறைக்க வேண்டும். பயனர் பெயர்களிலிருந்து எண்களை நீக்கி, பெயர் தெரியாத வகையில் அமைப்பை மாற்றிய பிறகே அவற்றைத் திரும்ப வெளியிட வேண்டும். கருத்துக்குள்ளேயே வாசகர் எண்ணோ மின்னஞ்சலோ எழுதியிருந்தால் அதையும் நீக்க வேண்டும். தேடுபொறிகளில் பதிந்துவிட்ட பழைய பக்கங்களை அகற்றக் கோர வேண்டும். எண் வெளியான ஒவ்வொருவருக்கும் நடந்ததைத் தெரிவித்து எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த மாணவியின் வீட்டுக்கு நூலகப் பொறுப்பாளரே நேரில் போய், தவறு நூலகத்துடையது, பிள்ளையுடையது அல்ல என்று அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.