மலைக் கிராமம் முதல் இரட்டைப் பதக்கம் வரை: பிரீஜா ஸ்ரீதரனின் ஓட்டம் உணர்த்துவது என்ன?

தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி, பாலக்காடு மாவட்டங்கள் இந்திய மகளிர் தடகளத்துக்கு அளித்துள்ள பங்களிப்பு அவற்றின் பரப்பளவை மிஞ்சியது. நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற ஷைனி வில்சனும், கேல் ரத்னா விருது பெற்ற கே.எம்.பீனாமோலும் இடுக்கியைச் சேர்ந்தவர்கள். 1,500 மீட்டரில் இருமுறை ஆசிய சாம்பியனான பி.யு.சித்ரா, பாலக்காட்டின் முண்டூரைச் சேர்ந்தவர். இவ்விரு மாவட்டங்களையும் தன் வாழ்க்கையால் இணைத்தவர் பிரீஜா ஸ்ரீதரன். இடுக்கி மலைப்பகுதியில் உள்ள முல்லக்கானத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், பாலக்காட்டில் ரயில்வே பணியில் இருந்தபடியே சர்வதேச உயரத்தை எட்டினார்.

இவர்களில் பலர் ஒரே பிரிவோடு நின்றுவிடவில்லை. ஷைனியும் பீனாமோலும் 400, 800 மீட்டர் ஓட்டங்களில் களம் கண்டனர். 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பீனாமோல் 800 மீட்டரிலும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். பிரீஜா தேர்ந்தெடுத்தவை 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள்.

2006 தோகா ஆசியப் போட்டியில் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் ஓடிய அனுபவத்துடன், 2010-இல் தமது 28-ஆம் வயதில் சீனாவின் குவாங்சூ நகருக்குச் சென்றார். அங்கு 10,000 மீட்டர் தூரத்தை 31 நிமிடம் 50.47 விநாடிகளில் கடந்து தங்கம் வென்றார். சக இந்திய வீராங்கனை கவிதா ராவத் ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் வெள்ளி பெற்றார். சில நாள்களில் நடைபெற்ற 5,000 மீட்டரில் பிரீஜா 15 நிமிடம் 15.89 விநாடிகளில் வெள்ளி வென்றார். பஹ்ரைனின் மிமி பெலெத்தேயிடம் அவர் தங்கத்தை இழந்தது 0.30 விநாடியில்.

இதன் கடினத்தை எண்களே விளக்கும். 10,000 மீட்டர் என்பது 25 சுற்றுகள். பிரீஜா ஒரு சுற்றை சராசரியாக 76.4 விநாடிகளில் முடித்தார். 5,000 மீட்டரில் அந்தச் சராசரி 73.3 விநாடிகள். முதல் ஓட்டத்தின் களைப்பு முழுமையாக நீங்கும் முன்பே, அதைவிட வேகமாக ஓட வேண்டிய நிலை. உடல் தேறுவதற்கான கால அவகாசமே இரு பிரிவுகளில் போட்டியிடுவோரின் உண்மையான சோதனை.

இந்த வெற்றிக்குத் தனிப்பட்ட மன உறுதி மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசரெவின் கீழ் கவிதா ராவத், சுதா சிங் ஆகியோருடன் ஒரே குழுவாகப் பயிற்சி பெற்றது முக்கியமானது. அன்றாடப் பயிற்சியே போட்டியாக அமைந்தது. நெடுந்தூர ஓட்டத்தில் முதிர்ச்சிக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும் நிலையில், ரயில்வேயின் நிலையான வருமானம் அந்தக் காத்திருப்பைச் சாத்தியமாக்கியது. எளிய குடும்பங்களின் பெண்கள் பள்ளிப் பருவத்துக்குப் பின் விளையாட்டைக் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

வெற்றி மட்டுமே வாய்ப்பை உறுதி செய்வதில்லை என்பதற்குச் சித்ரா உதாரணம். 2017-இல் புவனேஸ்வரத்தில் ஆசியத் தங்கம் வென்றும், லண்டன் உலக சாம்பியன்ஷிப் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாக உத்தரவிட்ட பிறகும், காலக்கெடு கடந்துவிட்டதால் சர்வதேச சம்மேளனம் அனுமதி மறுத்தது. 2019-இல் தோகாவில் அவர் மீண்டும் தங்கம் வென்றது, தேர்வு முறை குறித்த கேள்வியை மேலும் வலுப்படுத்தியது.

பிரீஜாவின் 5,000 மீட்டர் தேசிய சாதனையை 2023-இல் பாருல் சவுத்ரி முறியடித்தார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் 5,000 மீட்டரில் தங்கமும், 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் வெள்ளியும் வென்ற பாருல், இரட்டைப் பதக்க மரபைத் தொடர்ந்தார். எனினும், 10,000 மீட்டரில் பிரீஜாவுக்குப் பின் நடைபெற்ற இஞ்சியோன், ஜகார்த்தா, ஹாங்சோ ஆகிய மூன்று ஆசியப் போட்டிகளிலும் எந்த இந்தியப் பெண்ணும் தங்கம் வெல்லவில்லை.

மலை மாவட்டங்களில் திறமைக்குப் பஞ்சமில்லை. பள்ளி மைதானத்துக்கும் தேசிய முகாமுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வேலைவாய்ப்பு, குழுப் பயிற்சி, வெளிப்படையான தேர்வு ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றனவா என்பதே கேள்வி. அதற்கான விடையைப் பொறுத்தே அடுத்த பிரீஜாவின் வருகை அமையும்.