பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுங்கள்!

"வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும், வயிறு தொங்கிப்போகும்!"

இப்படிச் சொல்லும் பெரியவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 ஆபரேஷன் பிரசவம். ஆகவே, இது எங்கோ ஒரு வீட்டுச் சங்கதி அல்ல.

ஆபரேஷன் ஆனதும் குடல் சற்றுத் தூங்கிவிடுகிறது. வலிக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அதற்குக் காரணம். பிறகு மெல்ல விழிக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் காற்றுப் பிரிந்துவிடும். மலம் போக மூன்று, நான்கு நாள் ஆகலாம். பயப்பட வேண்டாம்.

முன்பு டாக்டர்களே காற்றுப் பிரியும்வரை பட்டினி போட்டார்கள். இப்போது, சிக்கல் இல்லாதவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே ஆகாரம் கொடுக்கச் சொல்லுகிறார்கள். வாய் அசைந்தால் குடலும் அசையும். சூயிங்கம் மென்றால்கூடப் பலன் உண்டாம்! 17 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கோக்ரேன் அறிக்கை, மென்றவர்களுக்குச் சுமார் 7 மணி நேரம் முன்னதாகக் காற்றுப் பிரிந்தது என்கிறது. (அந்த ஆராய்ச்சிகள் எல்லாம் உயர்ந்த தரம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

டாக்டர் சாப்பிடச் சொல்லிவிட்டார். வீட்டில்தான் தடை! பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும். கீரை கூடாது. பழம் குளிர்ச்சி. தண்ணீர் அரை டம்ளர்! பால் கொடுக்கிறவளுக்கு இது போதுமா? இருக்கிற நீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்கிறது. மலம் கல்லாகிறது. முக்கினால் தையல் பிரியுமோ என்று அவள் அடக்குகிறாள். அடக்க அடக்க இன்னும் இறுகுகிறது. மூலமும் வந்து சேருகிறது.

சீழ் பிடிப்பது கிருமியால், தண்ணீரால் அல்ல. பூண்டை நான் குறை சொல்லவில்லை. அதோடு கீரையும் கொய்யாப்பழமும் கொடுங்கள். தாகம் தீரத் தண்ணீர் கொடுங்கள். டாக்டர் சொன்ன நேரத்தில் கையைப் பிடித்து நடக்க வையுங்கள். மலம் கழிக்கும்போது, மடித்த துண்டைத் தையல்மேல் வைத்து அழுத்திக்கொள்ளட்டும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுக்கச் செய்யும், இறுக்கவும் செய்யும். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மலம் இளக மருந்து தருவார்.

"காற்றுப் பிரிந்ததா?" என்று நர்சு கேட்டால் சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வயிறு பானைபோல் உப்பி, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் அது ஆபத்து. உடனே நர்சைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் அப்படி ஆனால், ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். வண்டியைப் பிடியுங்கள்!