படம் காட்டினால் பேச்சு நின்றுவிடுமா?

பேச்சு வராத பிள்ளையைப் படங்களைத் தொட்டுக் கேட்கப் பழக்கச் சொன்னால், "பிறகு இவன் வாய் திறக்கவே மாட்டானே" என்று அஞ்சும் தாய்மார் உண்டு. அச்சம் இயல்பானது. ஆனால் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜனிஸ் லைட் உள்ளிட்ட மூவர், முன்னர் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2006 இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். சைகையோ படப் பலகையோ பழகிய, வளர்ச்சிக் குறைபாடுடைய 27 பேரைப் பற்றி உறுதியான சான்றுகள் கிடைத்தன. அவர்களில் 89 வீதமானோருக்குப் பேச்சுக் கூடியிருந்தது. மற்றவர்களிடம் மாற்றமில்லை. ஒருவருக்கேனும் பேச்சுக் குறையவில்லை. கூடியது பெரும்பாலும் சிறிதளவுதான். ஆயினும் பயந்தது நடக்கவில்லை.

விலை கூடிய கருவி இல்லாமலே தொடங்கலாம், சகோதரிகளே. ஒரு மட்டையில் தண்ணீர், சோறு, நோவு, அம்மா என நாலு படம் வரைந்து, பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நீங்களும் படத்தைத் தொட்டு, அந்தச் சொல்லை வாயால் சொல்லுங்கள். பிள்ளை தொட்டதும் உடனே பதில் கொடுங்கள். பேச்சுச் சிகிச்சையையும் நிறுத்த வேண்டாம்.

எங்கே நோகிறது என்று சொல்லவும் பிள்ளைக்கு ஒரு வழி வேண்டும். அதற்குப் பேச்சு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.